கடைமடைக் குழந்தைகள்

மீன்பிடித் தடைக்காலத்திற்கு நிவாரணம் உண்டு. மூழ்கிய சம்பாவுக்கு இழப்பீடு உண்டு. ஆட்டிசப் பயிற்சிக்காகக் காத்திருக்கும் டெல்டாக் குடும்பங்களின் காத்திருப்புக் காலத்திற்கு என்ன உண்டு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்வளம் பெருகுவதற்காக, நாகப்பட்டினம் முதல் மல்லிப்பட்டினம் வரையிலான கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் வருவாய் இழக்கும் மீனவர் குடும்பத்திற்குத் தமிழ்நாடு அரசு தடைக்கால நிவாரணமாக ரூ.8,000 வழங்குகிறது. கரையை விட்டு உள்நாட்டு வயல்களுக்கு வந்தால், 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தபோது, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமுற்ற நெல்லுக்கு எக்டேருக்கு ரூ.20,000 அறிவிக்கப்பட்டது. இவ்விரு தொகைகளும் பிடிபடாத மீனையோ அழுகிய நெல்லையோ திருப்பித் தந்துவிடவில்லை என்றாலும், அடுத்த பருவம் வரை ஒரு குடும்பம் கடன்காரரிடம் போகாமல் தாக்குப்பிடிப்பதற்குச் செலவு உண்டு என்பதையும், அச்செலவைக் குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றலாகாது என்பதையும் அவை அரசின் கணக்கேட்டிலேயே ஒப்புக்கொள்கின்றன.

காவிரிப் படுகையில் இவற்றையொத்த இன்னொரு காத்திருப்பும் உண்டு. இரண்டரை வயதாகியும் பேச்சு வராத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்ற ஐயம் எழும் நாளுக்கும், அக்குழந்தை முறையான பயிற்சியாளர் ஒருவரின் முன் அமரும் நாளுக்கும் இடையே செல்லும் மாதங்களே அந்தக் காத்திருப்பு. தடைக்காலத்தைப் போல அதற்கு அறிவிக்கப்பட்ட தொடக்கமும் முடிவும் இல்லை. வெள்ளச் சேதத்தைப் போல அதைக் கணக்கெடுக்க எவரும் வருவதுமில்லை. இக்காலத்தில் குடும்பத்திற்குக் கிடைக்கும் அரசுப் பணம் எது, அது எப்போது தொடங்குகிறது, எதற்குப் போதுமானது என்னும் கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லும் பொருளும்

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சிப் போக்கில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. பிறர் கண்ணை நோக்குதல், விரலால் சுட்டிக்காட்டுதல், பேச்சைத் தொடர்புக்குப் பயன்படுத்துதல் ஆகியவை வயதுக்கேற்ப வராமையும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலும், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்தலும் அதன் முதன்மைக் குறிகள். 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இதற்குத் தனி நோயறிதல் வரலாறு தொடங்குகிறது. ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இராத, மிக லேசானது முதல் முழுநேரத் துணை தேவைப்படுவது வரை விரியும் நிறமாலை இது என்பதால், 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் முன்பிருந்த தனித்தனிப் பெயர்களை ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்கள் இதைப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என நீளமாக எழுதுகின்றன. ஈழத்தமிழர் ‘ஓட்டிசம்’ என்கின்றனர். டெல்டாவின் பெற்றோரிடையே ‘ஆட்டிசம்’ என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான இன்க்லென் ஆய்வு, ஆட்டிசம் உள்ளிட்ட ஒன்பது நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடுகளில் ஏதேனும் ஒன்று ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு இருப்பதாகக் கண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் விகிதத்தைக் கொண்டு பார்த்தால், ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகள் பிறக்கும் ஓர் ஒன்றியத்தில் எட்டுக் குழந்தைகள் இந்நிறமாலைக்குள் வருவர்.

இதனைக் குணப்படுத்தும் மாத்திரை ஏதுமில்லை. பேச்சுப் பயிற்சி, உண்ணுதல், உடுத்தல், எழுதுகோல் பிடித்தல் போன்ற அன்றாடச் செயல்களையும் புலன் உணர்வுகளையும் ஒழுங்குபடுத்தும் ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகிய நான்கும் சேர்ந்ததையே பெற்றோர் ஒரே சொல்லில் ‘தெரபி’ என்கின்றனர். இவை வாரத்தில் பல அமர்வுகளாக, ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை. மூளை மிக விரைவாக வளைந்துகொடுக்கும் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் தொடங்கினால் பயன் கூடுதல். குறுவைக்கு விட்ட நாற்று, தண்ணீர் வரத் தாமதமாகி நாற்றங்காலிலேயே முற்றிவிட்டால், பின்னர் நட்டாலும் தூர் குறையும் என்பதை டெல்டாவின் உழவர் அறிவர். குழந்தை நாற்றன்று, ஏழு வயதிலும் பதினேழு வயதிலும் அது கற்கும், வாய்ப்பு அடியோடு அடைபட்டுவிடாது. ஆயினும் தாமதத்திற்கு விலை உண்டு என்ற அளவில் இவ்வொப்புமை பொருந்தும்.

காத்திருப்பின் நான்கு படிகள்

முதற்படி வீட்டிற்குள்ளேயே கழிகிறது. அப்பனும் தாமதமாகத்தான் பேசினான் என்ற ஆறுதல் ஓராண்டைக் கொண்டுபோய்விடும். சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவில், சம்பந்தரின் பொற்றாளத்திற்கு ஓசை தந்ததாகப் போற்றப்படும் ஓசைகொடுத்த நாயகியிடம், பேச்சு வராத குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்றும் உள்ளது. அவ்வழிபாட்டைக் குறைகூற வேண்டியதில்லை. பேச்சுத் தாமதத்தைக் குடும்பங்கள் கவனிக்கின்றன, கவலைப்படுகின்றன என்பதற்கு அதுவே சான்று. கவனித்த அக்குடும்பத்தை அங்கன்வாடியோ ஆரம்பச் சுகாதார நிலையமோ அடுத்த படிக்கு அழைத்துச் செல்கிறதா என்பதே வினா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதன் 25ஆம் பிரிவில், எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதித்து இடர்ப்பாடுள்ளோரைக் கண்டறியும் கடமையை அரசுகள் மீது சுமத்துகிறது.

இரண்டாம் படி நோயறிதல். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு ஐயத்திற்குரிய குழந்தையை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்ப வேண்டும். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டிய இம்மையங்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளையும் ஒட்டியே அமைகின்றன. டெல்டாவில் அத்தகைய மருத்துவக் கட்டமைப்பு மேற்கிலிருந்து கிழக்காகவே, அதுவும் மெல்லவே, பரவியது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தோன்ற, திருவாரூருக்கு 2010இலும், நாகப்பட்டினத்தை அடுத்த ஒரத்தூருக்கு 2022 ஜனவரியிலும்தான் மருத்துவக் கல்லூரி வந்தது. அதனால் கடற்கரையோரக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தஞ்சாவூரின் இராசா மிராசுதார் மருத்துவமனையையே நம்பி மேற்கு நோக்கிப் பயணம் செய்து பழகியவை. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமோ, 2005இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் நிறுவப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து அது இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்.

மூன்றாம் படி சான்றிதழ். 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றபோது அப்பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்று, 2016இன் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாக அது முழுமையாக நுழைந்தது. அளவிடுவதற்கு நடுவண் அரசு ஏற்றுள்ள கருவி, ‘ஐசா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். நாற்பது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இந்த எண் விழுக்காடாக மாற்றப்பட்டு, 40 விழுக்காட்டைத் தொட்டால்தான் குழந்தை ‘குறியளவுக் குறைபாடு’ உடையதாகி, பெரும்பாலான நலத்திட்டங்களின் வாசலுக்கு வருகிறது. மருத்துவக் குழு கூடும் நாளில் நேரில் வந்து, மதிப்பீடு பெற்று, ‘யுடிஐடி’ எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழியில் பதிய வேண்டும். 2017இன் விதிகள் சான்றிதழ் வழங்க ஒரு மாத காலம் அளித்தன. 2024இன் திருத்தம் அதை மூன்று மாதமாக நீட்டியது. சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றே கிடைப்பதால் சில ஆண்டுகளில் இந்தப் படியில் மீண்டும் ஏற வேண்டியிருக்கும்.

நான்காம் படி பயிற்சிக்கான இடம். அரசு நடத்துவனவும், அரசின் நிதியுதவியுடன் தொண்டு நிறுவனங்கள் நடத்துவனவுமான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் சிறப்புப் பள்ளிகளும் மாவட்டத் தலைநகரங்களிலும் கும்பகோணம் போன்ற பெருநகரங்களிலும் குவிந்திருக்க, ஒன்றிய அளவில் ‘அனைவருக்கும் கல்வி’த் திட்டத்தின் வழிவந்த வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியரும் இயன்முறை மருத்துவரும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கிடைக்கின்றனர். தனியார் மையத்தை நாடினால் ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம்; வாரம் மூன்று அமர்வென்றால், நடவுக்கும் களைக்கும் போகும் தாய்க்கு மூன்று நாள் கூலியும் போய்விடுகிறது. மகளிருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்வோருக்கும் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணம் இச்செலவில் ஒரு பகுதியை உண்மையாகவே குறைத்துள்ளது. ஆனால் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வரை நகரப் பேருந்து இல்லை.

காவிரியின் நீர்ப்பகிர்வில் ‘கடைமடை’ என்பது வாய்க்காலின் கடைசி மதகுக்கு அப்பால் உள்ள நிலத்தைக் குறிக்கும் சொல். முறைப்பாசனத்தில் தலைமடைக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்த பிறகே அதன் முறை வரும். அணையில் நீர் குறைந்தால் முதலில் காய்வதும் அதுவே, வெள்ளம் வந்தால் கடைசியில் வடிவதும் அதுவே. குழந்தைகளின் பயிற்சிச் சேவையும் ஏறத்தாழ அதே வரைபடத்தின்படி பாய்கிறது. தலைஞாயிற்றிலும் வேதாரண்யத்திலும் உள்ள குடும்பம், நீருக்குக் காத்திருப்பதைப் போலவே தெரபிக்கும் காத்திருக்கிறது.

இருக்கும் பணம் எது

இக்காத்திருப்பில் குடும்பத்தை எட்டக்கூடிய முதன்மையான அரசுப் பணம், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடுடையோர், கடும் பாதிப்புடையோர், தசைச்சிதைவு நோயுற்றோர், தொழுநோயிலிருந்து மீண்டோர் முதலிய பிரிவினருக்கு வழங்கப்படும் இத்தொகை 1,500 ரூபாயிலிருந்து மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. மிகுந்த துணை தேவைப்படுவோரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியே தரும் ஏற்பாடும் உண்டு. நடுவண் அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் 18 வயதுக்குக் கீழே தரப்படுவதில்லை என்பதால், குழந்தையைப் பொறுத்தவரை மாநிலத்தின் கைதான் கை. அண்டை மாநிலமான கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம், ஆட்டிசம் உள்ளோர் உட்பட முழுநேரக் கவனிப்புத் தேவைப்படுவோரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு மாதம் 600 ரூபாயே அளிக்கிறது; அதனோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் தொகை பெரிது.

ஆனால் அத்தொகையின் பெயரைக் கவனிக்க வேண்டும். ‘பராமரிப்பு’ என்பது உணவு, உடை, உடனிருப்பு ஆகியவற்றின் செலவை ஈடுகட்டும் கருத்து; குழந்தையின் நிலை மாறாது என்று கொண்டு, வாழ்நாள் முழுவதற்குமாக வகுக்கப்பட்டது. மூன்று வயதில் இரண்டாண்டுத் தீவிரப் பயிற்சி கிடைத்தால் பத்து வயதில் துணையின் தேவை குறையலாம் என்ற கணக்கு அதில் இல்லை. மேலும் அது சான்றிதழுக்குப் பிறகே பிறக்கிறது. முதல் மூன்று படிகளில், செலவு மிகுதியாகவும் வழிகாட்டுதல் குறைவாகவும் உள்ள அக்காலத்தில், அது குடும்பத்தை எட்டுவதில்லை. உதவித்தொகைக்கே தனியாக ஒரு காத்திருப்போர் பட்டியல் உருவாகி, கூடுதல் நிதி ஒதுக்கும்போதெல்லாம் அது குறைக்கப்படுவதும் தமிழ்நாட்டில் நடந்துவந்துள்ளது. காத்திருப்போருக்கான உதவிக்கே காத்திருக்க நேர்வது இம்முறையின் உள்முரண்.

இரண்டாவது, தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ நலக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமான இத்திட்டம், முன்பரிசோதனை ஏதுமின்றி ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. வழக்கமான காப்பீடுகள் தொடாத தொடர் தெரபிச் செலவையும், தனி உச்சவரம்புக்குள், அது ஏற்பதுதான் இதன் சிறப்பு. குடும்பம் முதலில் தன் கையிலிருந்து செலவிட்டு, ரசீதுகளைத் திரட்டி அனுப்பி, பிறகு திரும்பப் பெற வேண்டும் என்பதே இதன் தடை. அறுவடைக்குப் பிறகே கையில் காசு புழங்கும் ஒரு வட்டாரத்தில், முன்பணம் இல்லாதவருக்கு இக்காப்பீடு ஏட்டில் மட்டுமே நிற்கும்.

மூன்றாவது, வருமான வரிச் சட்டம் 1961இன் 80டிடி பிரிவு. குறைபாடுடைய சார்ந்தோரைப் பராமரிப்பவருக்குப் பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், கடும் குறைபாடென்றால் 1,25,000 ரூபாயும் கழிவாக அனுமதித்த பிரிவு அது. வேளாண் வருவாய்க்கு வருமான வரியே இல்லாத நாட்டில், இச்சலுகை ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் பயன்படுமேயன்றி, குத்தகை உழவருக்கும் நடவாளுக்கும் ஒரு காசும் தராது.

மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரு வடிவம் தெளிவாகிறது. சான்றிதழ் பெற்றவருக்கு மாதத்தொகை உண்டு, முன்பணம் உள்ளவருக்குக் காப்பீடு உண்டு, வரி கட்டுபவருக்குக் கழிவு உண்டு. ஐயம் எழுந்து, சான்றிதழும் இன்றி, முன்பணமும் இன்றி வரிசையில் நிற்கும் குடும்பத்திற்கென்று எதுவும் இல்லை.

ஒன்டாரியோ சொல்லும் பாடம்

காத்திருக்கும் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரும் முறையைப் பெரிய அளவில் செய்துபார்த்த இடம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் பல்லாயிரம் ஈழத்தமிழர் குடும்பங்களுக்கும் அது சொந்த ஊர்ச் செய்தி. 2016இல் அம்மாகாண அரசு, ஐந்து வயதைக் கடந்த குழந்தைகளைத் தீவிர நடத்தைப் பயிற்சிக்கான பட்டியலிலிருந்து நீக்கி, ஈடாக ஒருமுறை 8,000 டாலர் தருவதாக அறிவித்தது. பெற்றோரின் எதிர்ப்பு வலுக்கவே, புதிய திட்டம் வரும்வரை 10,000 டாலர் தொடர்ந்து தருவதாக மாற்றிக்கொண்டது. 2019 பிப்ரவரியில், ஏறத்தாழ 8,400 குழந்தைகள் சேவை பெற, 23,000 குழந்தைகள் பட்டியலில் நிற்பதாகக் கூறிய அடுத்த அரசு, பட்டியலையே ஒழிப்பதற்காக எல்லோருக்கும் வயதின் அடிப்படையில் தொகையைப் பிரித்துக் கொடுக்க முற்பட்டது. ஆறு வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு 20,000 டாலர், அதற்கு மேல் 5,000 டாலர். கடுமையான நிலையிலுள்ள குழந்தையின் தீவிரப் பயிற்சிக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் வரை ஆகும் நாட்டில், லேசான நிலைக்கும் கடுமையான நிலைக்கும் ஒரே தொகை என்பதை ஏற்காத பெற்றோர் மாகாணச் சட்டமன்றத்தின் முன் திரண்டனர். அரசு பின்வாங்கி, தேவைக்கேற்ற புதிய திட்டம் வகுக்கப்படும்வரை, 2019 டிசம்பரில், பட்டியலில் உள்ளோருக்கு அதே 20,000, 5,000 டாலர்களை ‘இடைக்கால ஒருமுறை நிதி’ என்ற பெயரில் அறிவித்தது. புதிய திட்டம் தாமதமாகவே, அந்த ஒருமுறை நிதி மறுமுறையும் தரப்பட்டது.

இவ்வரலாற்றில் பணம் வீணாயிற்று என்று சொல்ல முடியாது. பல குடும்பங்களுக்கு அது மாதக்கணக்கான பயிற்சியைத் தந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது. பட்டியலைக் குறைக்க வேண்டிய கடமையின் இடத்தில் பட்டியலுக்கு நிதி தருவது வந்து அமர்ந்தது. இடைக்காலம் எப்போது முடியும் என்பதற்கு நாள் குறிக்கப்படவில்லை. ஒருமுறை, மறுமுறை எனத் தொடர்ந்த நிதியின் நடுவே பதிவு செய்தோரின் எண்ணிக்கை மேலும் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் 2019இல் எடுத்த முடிவு இதற்கு மாறானது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, தகுதி பெற்ற பின்னும் 50 நாட்களுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், ஆறு மாதத்திற்கான 10,000 டாலர் இடைக்காலத் திட்டம் வழங்கப்படும் என்று அது அறிவித்தது. தொகையைவிட அந்த ஐம்பது என்ற எண்தான் இங்கு முதன்மையானது. எத்தனை நாள் கடந்தால் காத்திருப்பு அரசின் தவறாகிறது என்பதை அரசே எண்ணிச் சொல்லிவிட்டது.

பணம் எதை வாங்கும்

டெல்டாவிற்கு இவ்வுதாரணங்களை அப்படியே கொண்டுவர முடியாது. ரொறொன்ரோவில் பணம் கிடைத்தால் பயிற்சியாளர் கிடைப்பார். திருத்துறைப்பூண்டியில் பணம் கிடைத்தாலும் பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது அரிது. பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பு ஆசிரியரும் 1992இன் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அத்தகையோர் பெருநகரங்களிலேயே தங்கிவிடுவதால், கடைமடையில் தரப்படும் தொகை தகுதியற்ற கைகளுக்கோ, ‘ஆறு மாதத்தில் குணம்’ என்று விளம்பரம் செய்வோரின் கைகளுக்கோ போய்ச் சேரும் இடர் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் இல்லாதபோது மதகைத் திறந்துவைப்பதால் வயல் நனைவதில்லை.

எனவே இடைக்கால உதவியின் ஒரு பாதி சேவை வடிவில் அமைய வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடத்தப்பட்ட ‘பாஸ்’ ஆய்வு, நிபுணர் அல்லாத உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று, வீட்டிற்குச் சென்று, குழந்தையின் சைகைகளுக்கும் பார்வைக்கும் எப்படி மறுமொழி தருவது என்று பெற்றோருக்குக் கற்பித்தால், பெற்றோர் குழந்தையோடு ஒத்திசையும் முறையும், குழந்தை தானே தொடர்பைத் தொடங்கும் போக்கும் மேம்படுவதைக் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனமும் இதே நோக்கில் பராமரிப்பாளர் திறன் பயிற்சியை வகுத்துள்ளது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், கிராமப்புறக் களப்பணியாளரைக் கைப்பேசிச் செயலி வழியாக நிபுணரோடு இணைத்து, வீடு தேடிச் செல்லும் ஆரம்பநிலைப் பயிற்சியை நடத்திவருகிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இது நடக்கக்கூடியதே என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உலக வங்கி 2022 ஜூனில் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த ‘தமிழ்நாடு உரிமைகள்’ திட்டம் இத்திசையில் எடுத்துவைத்த பெரிய அடி. ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், நடமாடும் சிகிச்சை ஊர்திகள், வீடுதோறும் கணக்கெடுப்பு ஆகியவை அதன் கூறுகள். மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டிய குடும்பத்தை அதன் வட்டாரத்திலேயே சந்திப்பது என்ற நோக்கு சரியானதே. டெல்டாவைப் பொறுத்தவரை, அவ்விழுது மண்ணைத் தொடும் கடைசி ஊர் எது என்பதைக் கொண்டுதான் திட்டத்தை மதிப்பிட வேண்டியிருக்கும்.

காத்திருப்புக் கால உதவி எப்படி அமையலாம்

தடைக்கால நிவாரணத்தையும் பயிர் நிவாரணத்தையும் ஏற்கெனவே நடத்திப் பழகிய மாநிலத்திற்கு, குழந்தைக்கான காத்திருப்புக் கால உதவி அந்நியமான கருத்தாக இருக்காது. அதன் முதல் விதி, உதவி தொடங்கும் இடத்தைச் சான்றிதழிலிருந்து ஐயத்திற்கு நகர்த்துவது. சிறார் நலத்திட்டக் குழுவோ அரசு மருத்துவரோ ‘மதிப்பீடு தேவை’ என்று எழுதிய சீட்டே போதுமானதாக இருக்கட்டும். பின்னர் ஆட்டிசம் இல்லையென்று தெரிந்தால் உதவி நின்றுவிடும், கொடுத்ததைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. சாய்ந்த பயிரில் சேதம் 33 விழுக்காடா என்று அளக்க கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் வயல் வரப்புக்கு வருகின்றனர். குழந்தையின் நிலை 40 விழுக்காடா என்று அளக்கவோ, குழந்தையே, கூட்டமும் இரைச்சலும் தாங்காத அக்குழந்தையே, மருத்துவமனை வரிசைக்குச் செல்ல வேண்டியுள்ளது. மதிப்பீட்டுக் குழு ஒன்றியந்தோறும் அறிவிக்கப்பட்ட நாளில் வந்தால், மூன்றாம் படியின் நீளம் பாதியாகும்.

இரண்டாம் விதி, தொகையைத் தொலைவோடும் இழக்கும் கூலியோடும் பிணைப்பது. தஞ்சாவூர் நகரில் வாழும் குடும்பத்திற்கும் கோடியக்கரையில் வாழும் குடும்பத்திற்கும் ஒரே தொகை என்பது பார்வைக்குச் சமமாகத் தோன்றினும், கடைமடைக்குக் குறைவாகவே போய்ச் சேரும். மூன்றாம் விதி, நிராமயா போன்ற திட்டங்களில் ரசீதுக்குப் பின் வரும் பணத்தை, பதிவு பெற்ற மையங்களுக்கு அரசே நேரே செலுத்தும் முறைக்கு மாற்றுவது; முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் நடைமுறை ஏற்கெனவே இருப்பதால், இதற்குப் புதிய அலுவலகம் ஏதும் வேண்டியதில்லை.

இவற்றுக்கு எதிரான வாதமும் எடையற்றதன்று. சான்றிதழ் இன்றிப் பணம் என்றால் தகுதியற்றோர் நுழைவர் என்றும், இருக்கும் நிதியைப் பயிற்சியாளரை அமர்த்தவே செலவிட வேண்டும் என்றும் நிர்வாகத்தினர் கூறலாம். முதலாவதற்கு விடை, தொகை சிறிதாகவும் காலவரையறை உடையதாகவும் இருந்தால் அதற்காகக் குழந்தைக்கு ஆட்டிசம் என்று பொய் சொல்லும் பெற்றோர் அரிது என்பது. இம்மண்ணில் குறையை மறைக்கத் துடிக்கும் குடும்பங்களே மிகுதி. இரண்டாவது வாதம் வலுவானது. ஆட்டிசத்திற்கான உயர்திறன் மையம் 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது உட்படச் சேவையை வளர்க்கும் முயற்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் பட்டம் பெற்று வர நான்காண்டு ஆகும், இன்று மூன்று வயதாகும் குழந்தைக்கு அப்போது ஏழு வயது. நாளைய பயிற்சியாளருக்கும் இன்றைய குழந்தைக்கும் இடையே உள்ள அந்நான்காண்டுக்குத்தான் இடைக்கால உதவி என்று பெயர்.

மேட்டூர் அணை குறுவைக்குத் திறக்கப்படும் நாள் ஜூன் 12 என்பதை டெல்டாவில் பள்ளிச் சிறுவரும் சொல்வர். நீர்வரத்துப் பொய்த்து 2024இல் ஜூலை 28 வரை அணை திறக்கப்படாதபோது, தாமதம் எத்தனை நாள் என்று எல்லோராலும் எண்ண முடிந்தது, கேட்க முடிந்தது, அரசும் விடை சொல்ல வேண்டியிருந்தது. குறித்த நாள் ஒன்று இருந்ததால்தான் தாமதத்திற்குத் தாமதம் என்ற பெயரே கிடைத்தது. மதிப்பீட்டுக்கு வரும் குழந்தையின் சீட்டில், சான்றிதழ் கிடைக்கும் நாளும் முதற்பயிற்சி தொடங்கும் நாளும் எழுதித் தரப்படுவதில்லை. அந்த இரு நாட்களும் எழுதப்பட்டு, அவை தவறும் ஒவ்வொரு மாதத்திற்கும் குடும்பத்திற்கு ஒரு தொகை சேர வேண்டும் என்ற விதி வந்தால், காத்திருப்பின் செலவு குடும்பத்தின் கணக்கிலிருந்து அரசின் கணக்கிற்கு மாறும். தன் கணக்கில் ஏறும் செலவைக் குறைக்க எந்த அரசும் வழி தேடும். நாள் குறிக்காமல் தரப்படும் பணமோ, ஒன்டாரியோவில் ஆனதைப் போல, இடைக்காலம் என்ற பெயரிலேயே ஆண்டுகளைக் கடந்து போகும்.